ஒத்திகையிலிருந்து தொடங்குங்கள்: பள்ளி நாடகத்தையும் ஆசிரியரையும் எழுதி வைக்கும் முறை

பள்ளிக்கூடத்தில் நடித்த நாடகத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்களில் பலர் மேடையேறிய இரவிலிருந்துதான் தொடங்குகிறார்கள்; இரண்டு பத்தி தாண்டுவதற்குள் கைதட்டல் வந்துவிடுகிறது, எழுத்தும் நின்றுவிடுகிறது. மேடையில் நாம் நின்றது இருபது நிமிடம். கண்ணில் விளக்கு வெளிச்சம், காதில் மைக் செட்டின் இரைச்சல், வயிற்றில் பயம்; அந்த நிலையில் எதைத்தான் பார்த்திருக்க முடியும்? ஆனால் அந்த இருபது நிமிடத்துக்காக வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தோம். ஆசிரியர் நம்முடன் இருந்ததும் அந்த வாரங்களில்தான். நாடகம் நடந்த இரவில் அவர் வசனத் தாளோடு திரைக்குப் பின்னால் நின்றதால் அவர் முகத்தைக்கூட நாம் சரியாகப் பார்க்கவில்லை. ஆகவே ஆசிரியரையும் நாடகத்தையும் சேர்த்து எழுத விரும்புகிறவர்கள் மேடையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒத்திகையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களைச் சுற்றித் தமிழ் வழியில் படித்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நானும் அந்தப் பக்கத்தில் படித்தவன். எங்கள் பாடநூல்களைக் கேரள அரசு தமிழில் அச்சிட்டுத் தந்தது. மதியம் கஞ்சியும் சிறுபயறும் கிடைத்தன. வெள்ளிக்கிழமை பிற்பகலில் சாகித்திய சமாஜம் என்ற மாணவர் இலக்கிய மன்றம் கூடியது. அந்த மன்றத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் தமிழில் நாடகம் எழுதி, சம்பளத்திலிருந்து ஜிகினாத் தாள் வாங்கி, இருட்டும் வரை பிள்ளைகளை வைத்துக்கொண்டு பழக்கிய ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். அவர்களிடம் படித்த நாம் எழுதாவிட்டால் அவர்களைப் பற்றி வேறு எவரும் எழுதப் போவதில்லை.

பொருளைப் பிடித்துக்கொண்டு போங்கள்

முதல் நாள் கதையாக எதையும் எழுத வேண்டாம். அந்த நாடகத்துக்காக உங்கள் கை தொட்ட பொருள்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையில் வெட்டிய கிரீடம், அதன்மேல் ஒட்டிய ஜிகினாத் தாள், மைதா மாவில் காய்ச்சிய பசை, பனைமட்டையில் சீவிய வாள், சணலைப் பிரித்துக் கட்டிய தாடி, கொட்டாங்குச்சிக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வரைந்த மீசை, யார் வீட்டிலிருந்தோ இரவல் வந்த பட்டு, பெஞ்சுகளைச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்த மேடை என்று அது நீளும். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அதைக் கொண்டுவந்தவர் யார், செய்தவர் யார், நாடகம் முடிந்தபின் அது எங்கே போயிற்று என்ற மூன்றையும் தெரிந்த அளவுக்குக் குறியுங்கள். பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது பொருளிலேயே ஆசிரியர் வந்துவிடுவார். கிரீடத்துக்காக உங்கள் தலையை நூலால் சுற்றி அளந்தவர் அவராக இருப்பார். பசை காய்ச்சிக் கொடுத்தனுப்பியது அவர் வீட்டம்மாவாக இருக்கும்.

எனக்கு அப்படி வந்து சேர்ந்தது ஒரு மணி. எங்கள் பள்ளியில் மணி என்பது புளியமரக் கிளையில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. நாங்கள் போட்ட நாடகம் மனுநீதிச் சோழன் கதை. திருவாரூர்த் தெருவில் இளவரசனின் தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று இறக்க, தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அடித்து நீதி கேட்கிறது. எனக்குப் பசு வேடம் கிடைத்தது. ஒரு சொல்கூட வசனம் இல்லாத வேடம் என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம். எங்கள் தமிழாசிரியர் ஒரு மாலை மற்றவர்களை வசனம் படிக்கச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் பள்ளிக்கு அடுத்த தோட்டத்து மாட்டுத் தொழுவத்துக்கு அழைத்துப் போனார். அங்கே கன்றைப் பிரித்து வேறிடத்தில் கட்டியிருந்தார்கள். தாய்ப்பசுவின் முன்னால் நாங்கள் இருவரும் அரை மணி நேரம் பேசாமல் நின்றோம். திரும்பி வரும் வழியில், "கத்தறப்ப அது எங்கே பார்க்குது, பார்த்தியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அது கன்றை இழுத்துக்கொண்டு போன படலையே பார்த்துக் கத்தியது.

மறுநாள் அவர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பியைக் கயிற்றில் தொங்கவிட்டார். "கையால் இழுத்தா அது மனுசன். நெத்தியால முட்டு" என்றார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒத்திகை நடந்தபோது நான் முட்டிய மணியோசையைக் கேட்டு, பள்ளி விட்டாயிற்று என்று எண்ணிய சின்ன வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் வராந்தாவுக்கு வந்து பார்த்தார்; தமிழாசிரியர் இரண்டு கைகளையும் கூப்பி நின்றார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து கம்பியின் நுனியில் துணி சுற்றப்பட்டிருந்தது. என் நெற்றியில் வந்த வீக்கத்துக்கு அம்மா மஞ்சள் பற்றுப் போட்டார்.

பேச்சில்லாத வேடத்துக்கும் நேரம் ஒதுக்கிப் பழக்கியவர் என்று ஒரே வரியில் நான் எழுதியிருக்கலாம். வாசகர் அதைப் படித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். ஆகவே முதல் முறை எழுதும்போது அன்பானவர், கண்டிப்பானவர், அர்ப்பணிப்பு மிக்கவர் என்ற அடைமொழிகளை அறவே தவிர்த்து, அவர் கை என்ன செய்தது, வாய் என்ன சொன்னது என்பதை மட்டும் எழுதுங்கள். எழுதி முடித்தபின் அடைமொழி தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம்; எனக்குத் தேவைப்படவில்லை.

வசனத்தை மீட்பது

வசனம் தனியாக நினைவுக்கு வராது. எதிரில் நின்றவரின் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருந்து நம் வசனத்தைப் பேசிப் பழகியதால், அந்தச் சொல்லோடு கோத்துத்தான் அது மனத்தில் பதிந்திருக்கிறது. எனவே உட்கார்ந்து யோசிப்பதை விட்டுவிட்டு எழுந்து நில்லுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து மேடைக்குள் வந்தீர்களோ அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வாருங்கள். எதிரில் நடித்தவருக்குத் தொலைபேசியில் பேசி, அவருடைய வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்தால் உங்களுடையது தானாகவே வாய்க்கு வரும். அமைச்சர் வேடம் போட்டவர் இப்போது கோவையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவரால் நின்ற இடத்தில் ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை. கடையைச் சாத்தியபின் காலை எடுத்து வைத்து நடந்து பார்த்துவிட்டு மறுபடி அழைத்து, நான்கு வரிகள் சொன்னார்.

மீட்டதை அப்படியே எழுதுங்கள். இடையில் விட்டுப்போன சொற்களுக்குப் புள்ளி வைத்து விடுங்கள். நமக்கு இன்று தமிழ் நன்றாக எழுத வருகிறது என்பதற்காக அந்தப் புள்ளிகளை நம் சொற்களால் இட்டு நிரப்பினால், ஆசிரியர் எழுதிய வசனத்தின்மேல் நம் கையெழுத்து ஏறிவிடும். பாட்டுகளுக்கும் இதுவே பொருந்தும். சொல் மறந்து மெட்டு மட்டும் நினைவிருந்தால், கைப்பேசியில் முனகிப் பதிந்து வைத்துக்கொள்வது போதும்.

ஆண்டை உறுதி செய்வது

ஆசிரியர் எப்போது மாற்றலாகிப் போனார், உடன் நடித்தவர்கள் எந்த வகுப்பு, அந்தக் கட்டடம் அப்போது இருந்ததா என்பவை எல்லாம் நாடகம் நடந்த ஆண்டைச் சார்ந்து நிற்பதால், அதைச் சற்றுப் பாடுபட்டாவது கண்டுபிடிக்க வேண்டும். கேரளத்தில் படித்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எல்.பி. பள்ளி நான்காம் வகுப்போடும் யு.பி. பள்ளி ஏழாம் வகுப்போடும் முடிந்து, எட்டாம் வகுப்புக்குப் பலரும் வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. நாடகம் எந்தக் கட்டடத்தில் நடந்தது என்று தெரிந்தாலே மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் வந்துவிடலாம். அதற்குப் பிறகு, அந்த நாள்களில் ஊரையே உலுக்கிய ஒரு செய்தியைப் பிடிக்க வேண்டும்.

எங்கள் ஒத்திகை நடந்துகொண்டிருந்த ஒருநாள், பெரிய தலைவர் இறந்த செய்தி வந்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தைகள் தினத்துக்குப் போடுவதாக இருந்த நாடகம் தள்ளிப்போய், பிப்ரவரியில் ஆண்டு விழாவில்தான் மேடையேறியது. அது எம்.ஜி.ஆர். இறந்த நாள் என்று, அரசன் வேடத்துக்கு ஒத்திகை பார்த்த நண்பன் அடித்துச் சொன்னான். இந்திரா காந்தி சுடப்பட்ட நாள் என்பது என் நினைவு. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24இல்; கேரளப் பள்ளிகளுக்கு அது கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலம், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. அன்று நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளியில் இருந்தோம். தண்டவாள மணி தொங்கியதோ யு.பி. பள்ளியில். 1984 அக்டோபர் 31 புதன்கிழமை, நாங்கள் ஆறாம் வகுப்பு. கணக்கு சரியாகப் பொருந்தியது. ஆனாலும் நண்பனின் நினைவு ஏன் மாறியது என்பதையும் நான் எழுதி வைத்தேன். எம்.ஜி.ஆரின் குடும்ப வேர் எங்கள் பக்கத்து வடவன்னூரில் இருக்கிறது. அவர் இறந்தபோது எங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன. அந்தத் துக்கம் அவன் மனத்தில் மூன்று ஆண்டு பின்னோக்கி வந்து எங்கள் ஒத்திகையில் உட்கார்ந்துகொண்டது.

உங்களைவிட மூத்தவர்களிடம் கேட்கும்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள். நேரு இறந்த செய்தி கேட்டு ஒத்திகையை நிறுத்தியதாக ஒருவர் சொன்னால், அவர் மறைந்த 1964 மே 27 கோடை விடுமுறையில் வந்த நாள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அண்ணா மறைந்த 1969 பிப்ரவரி 3 ஆண்டு விழாப் பருவத்தில் வருவதால் அது பொருந்தக்கூடும். அவரிடம் நேராக மறுத்துப் பேச வேண்டாம். அப்போது எந்த ஆசிரியர் வகுப்பாசிரியராக இருந்தார் என்று கேட்டால் அவரே திருத்திக்கொள்வார்.

காகிதங்களையும் தேடுங்கள். சித்தூர் வட்டத்தின் பெரும்பகுதி பழைய கொச்சி அரசில் இருந்தது. 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும், 1956 நவம்பர் 1இல் கேரளத்திலும் சேர்ந்தது. ஆகவே தாத்தா பாட்டியின் பள்ளிச் சான்றிதழ்களில், மலையாள நாள்காட்டியின் ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு எழுதியிருக்கக் கூடும். அதன் முதல் மாதமான சிங்கத்திலிருந்து, அதாவது நம் ஆவணியிலிருந்து, டிசம்பர் முடிய உள்ள நாளானால் கொல்லம் ஆண்டோடு 824ஐயும், ஜனவரியிலிருந்து கடைசி மாதமான கர்க்கடகம், அதாவது ஆடி, முடியும் வரையானால் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். குரூப் போட்டோ இருந்தால் அதன் அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரையும், சில வேளை பென்சிலில் எழுதிய தேதியும் இருக்கும். பள்ளி இளைஞர் விழாவில் வாங்கிய சான்றிதழ்களும் பயன்படும். 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் முதன்முதலாக நடந்து, இன்று கலோத்சவம் என்ற பெயரில் நடக்கும் அந்த விழாவில் தமிழ்ச் செய்யுள் ஒப்புவித்தலும் ஒரு போட்டி. தமிழ் வழிப் பிள்ளைகள் பலர் வீட்டில் அந்தச் சான்றிதழ் ஒன்றாவது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது.

ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது

ஆசிரியர் உயிரோடு இருந்தால் தள்ளிப் போடாமல் போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்கும் பதினொன்றரைக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. முதியவர்கள் குளித்துச் சாப்பிட்டுத் தெளிவாக இருப்பார்கள். மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம். போனவுடன், "என்னை நினைவிருக்கிறதா?" என்று கேட்பது அவருக்கு நாம் செய்யும் சங்கடம், ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தவர் முகத்தைத் துழாவித் தவிப்பதை நின்று பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் பெயர், அப்பாவின் பெயர், தெரு, படித்த ஆண்டு, போட்ட வேடம் என்று நீங்களே வரிசையாகச் சொல்லிவிடுங்கள். பழைய போட்டோவைப் பெரிதாகப் பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள். பதிவு செய்வதற்குமுன் அனுமதி கேளுங்கள்.

எங்கள் தமிழாசிரியரை நான் போய்ப் பார்த்தபோது, என் பெயரைக் கேட்டு மரியாதைக்குத் தலையசைத்தார். போட்ட வேடத்தைச் சொன்னதும் நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார்.

அவரிடம் பாராட்டாகப் பேசிக்கொண்டே இருந்தால் அவர் கூச்சப்பட்டு, "அதெல்லாம் என்ன பெரிய காரியம்" என்று முடித்துவிடுவார். வேலையைப் பற்றிக் கேளுங்கள். வசனத்தை எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள்? யாருக்கு எந்த வேடம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? நீங்கள் சிறு வயதில் என்ன நாடகம் பார்த்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் மறக்கவே கூடாது, ஏனென்றால் நம் பகுதியில் அதற்கான பதில் மிகவும் வளமானது. பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பனின் பாடல்களைச் சொல்லிப் பொருள் விரிக்கும் தோல்பாவைக் கூத்து, தமிழும் மலையாளமும் கலந்து நடக்கும் பொறாட்டு நாடகம், மாசியாகிய கும்ப மாதத்தில் கொங்கு அரசனின் படையெடுப்பை நினைந்து சித்தூரே வேடம் பூண்டு நிற்கும் கொங்கன் படைத் திருவிழா, கோவைப் பக்கத்திலிருந்து வந்த நாடகக்காரர்கள் என்று அவர் எதையெல்லாம் பார்த்து வளர்ந்தாரோ அதுதான் நம் பெஞ்சு மேடையில் வந்து இறங்கியிருக்கும்.

எங்கள் நாடகத்தில் அரண்மனை வாயில் காவலன் ஒருவன் இருந்தான். அவன் மட்டும் மலையாளத்தில் பேசுவான். மணி அடித்ததும் முன்னால் வந்து, சபையைப் பார்த்து, "ஆரா மணி அடிச்சது?" என்று கேட்பான். ஆண்டு விழாவுக்கு வரும் பெற்றோரில் மலையாளம் பேசுகிறவர்களும் பாதிக்குப் பாதி இருந்ததால் அவர்களுக்காகச் சேர்த்த வேடம் என்றே அத்தனை ஆண்டும் நான் நினைத்திருந்தேன். ஆசிரியர் சொன்னது வேறு. சிறுவனாக இருந்தபோது, அறுவடை முடிந்த வயலில் விடிய விடிய உட்கார்ந்து அவர் பொறாட்டு நாடகம் பார்த்திருக்கிறார். அதில் வேடதாரிகளிடம் கேள்வி கேட்டுக் கேட்டுக் கதையை நகர்த்தும் சோத்தியக்காரன் என்ற பாத்திரம் உண்டு. "அவனைத்தான் கொண்டாந்து சோழன் வாசல்ல நிறுத்தினேன்" என்றார். திருவாரூர்க் கதைக்குள் பாலக்காட்டு வயலின் சோத்தியக்காரன் வந்து நின்ற செய்தி அவரிடம் கேட்டிராவிட்டால் அவரோடு போயிருக்கும்.

எந்தச் சொல்லில் எழுதுவது

நாம் அன்று பேசிய சொல்லிலேயே எழுத வேண்டும். எங்களுக்குத் தமிழாசிரியர் "சார்", மலையாள ஆசிரியர் "மாஷ்", பெண் ஆசிரியர் யாராயினும் "டீச்சர்". ஆண்டு விழாவை வார்ஷிகம் என்று சொன்னோம். எல்லைக்கு அப்பால் படித்த வாசகருக்கு இது விளங்காது என்று அஞ்சி எல்லாவற்றையும் ஆண்டு விழா, ஐயா, அம்மா என்று மாற்றிவிட்டால், நாம் படித்த பள்ளி எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு பள்ளியாகிவிடும். முதல் முறை வரும் இடத்தில் அந்த வாக்கியத்துக்குள்ளேயே பொருளைச் சொல்லிவிட்டு, பிறகு நம் சொல்லையே ஆளலாம். ஆசிரியர் பேசியதை மேற்கோளில் கொடுக்கும்போது அவர் பேசிய பேச்சுத் தமிழையே கொடுங்கள். அவர் வகுப்பில் செந்தமிழில் பேசி, தொழுவத்தில் "கண்ணு" என்று அழைத்தவராக இருந்தால் அந்த வேறுபாடு எழுத்திலும் தெரிய வேண்டும்.

மனத்தை வருத்தியவற்றை எழுதுவது

ஒத்திகையை உள்ளபடி எழுதத் தொடங்கினால் இனிமை மட்டும் வராது. பிரம்படி வரும், வயதுக்கு வந்ததால் நடுவில் நிறுத்தப்பட்ட சிறுமி வருவாள், களத்து வேலைக்காக வீட்டில் பிடித்து வைத்துக்கொண்ட சிறுவன் வருவான், அரசன் வேடம் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கே போனது என்ற கேள்வியும் வரும். இவற்றை விட்டுவிட்டால் நம் எழுத்து ஆண்டு மலரில் அச்சிடும் வாழ்த்துரையாகச் சுருங்கிவிடும் என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம், உயிரோடு இருப்பவர்களின் பெயரை வெளியிட்டு அவமானப்படுத்துவது நம் வேலையன்று. பெயரை விடுங்கள், நடந்ததை விடாதீர்கள். நடந்ததை ஒரு பத்தியிலும், அதைப் பற்றி இன்று நாம் நினைப்பதை வேறொரு பத்தியிலும் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

என் நண்பனுக்கு நேர்ந்ததை இந்த முறையில்தான் எழுதினேன். அக்டோபரில் அவன்தான் மனுநீதிச் சோழன். மற்றவர்களின் வசனமும் சேர்த்து முழு நாடகமும் அவனுக்குப் பாடம். ஜனவரியில் மறுபடி ஒத்திகை தொடங்கியபோது அரசன் வேடத்தில் இன்னொரு பையன் நின்றான். என் நண்பனுக்குத் திரை இழுக்கும் வேலை கொடுக்கப்பட்டது. ஏன் என்று எவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. விழா நடந்த பிப்ரவரி இரவில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசி, வேட்டிகளை இணைத்துத் தைத்த அந்தத் திரையைப் பாய் போல உப்ப வைத்தது. நாடகம் முடியும் வரை அவன் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

ஆசிரியரைப் பார்த்தபோது இதைக் கேட்பதா வேண்டாமா என்று நெடுநேரம் தயங்கினேன். புறப்படும் வேளையில் கேட்டேன். அவர் சற்று நேரம் வாசலைப் பார்த்தார். "அந்த வருசம் ராஜாவுக்குப் பட்டு குடுத்தது அந்தப் பையன் வீடு" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே எதுவும் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். மாட்டுத் தொழுவத்தில் என்னோடு அரை மணி நேரம் நின்றவரும் இவர்தான். ஒன்றை எழுதுவதற்காக மற்றொன்றை நான் அழிக்கவில்லை.

படித்துக் காட்டுவது

எழுதி முடித்ததை வெளியிடுவதற்கு முன்னால், உடன் நடித்தவர்களில் இரண்டு பேருக்காவது உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுதி அனுப்பினால் நன்றாயிருக்கிறது என்று ஒரு சொல்லில் பதில் வரும். காதால் கேட்கும்போதுதான் தவறு இடிக்கும். மறுப்பு வந்தால் உடனே திருத்த வேண்டாம். அவர் சொல்வதையும் எழுதிக்கொண்டு, காகிதமோ மூன்றாவது ஆளோ உறுதி செய்கிற பக்கம் சேருங்கள். எதுவும் உறுதி செய்யாவிட்டால் இரண்டு நினைவுகளையும் இன்னாருடையது என்று சொல்லி அடுத்தடுத்து வையுங்கள்.

நான் திரை இழுத்த நண்பனுக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். அவன் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறான். இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் பேசினோம். அவன் விலக்கப்பட்ட பகுதியைப் படித்தபோது குறுக்கே எதுவும் சொல்லவில்லை. வசனங்கள் வந்த இடத்தில்தான், "நிறுத்துடா, அங்கே நாலு வரி விட்டிருக்கே" என்றான். பிறகு தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினான். கட்டியம் கூறுபவன், அமைச்சர், இளவரசன், அரசன் என்று ஒவ்வொருவருக்கும் குரலை மாற்றி, நாற்பது ஆண்டு கழித்தும் ஓர் இடத்தில்கூடத் தடுக்காமல் அவன் சொல்லச் சொல்ல, நான் புள்ளி வைத்திருந்த இடங்களையெல்லாம் எழுதி நிரப்பிக்கொண்டே வந்தேன். தேர் ஓடி, கன்று விழுந்து, இளவரசன் இறங்கி நின்று கலங்கும் வசனம் முடிந்ததும் அவன் நிறுத்திவிட்டான். இணைப்புத் துண்டிக்கப்பட்டதோ என்று நினைத்தேன். அவன் மூச்சுவிடும் ஓசை கேட்டது. காத்திருக்கிறான் என்பது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. மேசைமேல் இருந்த சில்வர் டம்ளரை எடுத்துக் கரண்டியால் மூன்று முறை தட்டினேன்.

"ஆரா மணி அடிச்சது?" என்றான்.